குடுமி வைத்த திடல்

ஒரு நாள் காலை ஈப்போ டவுன் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில், முனிசிபலில் புல் வெட்டும் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். இளையவர் திடீரென்று சொன்னார்:

“அண்ணே, நேத்து பாடாங் திடல்ல நடுவுல மட்டும் வெட்டாம விட்டுட்டேன்.”

“ஏன்டா?”

“அங்கதான தொரைமாரு கிரிக்கெட் ஆடுவாங்க. நம்மாளு யாரும் கால வைக்கக்கூடாதுன்னு எங்கப்பா சொல்வாரு. அவரு அந்தப் புல்லுக்குத் தண்ணி ஊத்துனவரு.”

“தொரை கப்பலேறி எத்தன வருசமாச்சு! இன்னுமா கிளப் வராந்தாவுல உக்காந்து உன்னப் பாக்குறான்? மொட்ட போட்டுக் குடுமி வச்ச மாதிரி இருக்கும்லா!”

“வேல வாங்குற மண்டோர் பாத்தா என்ன சொல்வாரு?”

“என்ன சொல்வாரு, வீட்டுக்குப் போன்னுவாரு. நீ சேந்து ஒரு மாசங்கூட ஆகல. இன்னிக்கு போலிஸ்காரங்க வேற அங்க மார்ச் பழக வாராங்க.”

இளையவர் சொன்னார்:

“நாம இத்தன வருசம் அதச் சுத்தித்தான போனோம். இன்னிக்கு ஒரு நாள் போலிஸும் சுத்திப் போகட்டும்லா.”

பெரியவர் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். இளையவர் சிரிக்கவில்லை. திடலுக்கு இன்னும் இரண்டு நிறுத்தம் இருக்கும்போதே மணியை அடித்துவிட்டு, கதவருகே போய் நின்றுகொண்டார்.