எண்ணிக்கை சரியாக இருந்தது

தலை எண்ணும்போது விரலை நீட்டக் கூடாது. விரலைக் கண்டால் எண்ணப்படுகிறவர்கள் அசைவார்கள், சிரிப்பார்கள், இடம் மாறி உட்காருவார்கள், எண்ணிக்கை பிசகிவிடும். கண்ணால் எண்ண வேண்டும். மனத்துக்குள் சொல்ல வேண்டும். தன்னைக் கடைசியில் சேர்த்துக்கொள்ள வேண்டும். முப்பத்தோராண்டுகள் பள்ளியில் சுற்றுலாப் பொறுப்பு என்னிடம் இருந்தது. அழைத்துச் சென்றவர்களில் ஒருவரைக்கூட வெளியூரில் விட்டுவிட்டு வந்ததில்லை. ஓய்வுபெற்ற நாளன்று தலைமையாசிரியர் மேடையில் என்னைப் பற்றிச் சொன்னது இந்த ஒன்றைத்தான். இதனை ஐயா முதலிலேயே எழுதிக்கொள்வது நல்லது.

நாங்கள் நால்வர். ஒரே பள்ளியில் பணியாற்றி, ஒருவர்பின் ஒருவராக ஓய்வு பெற்றவர்கள். ஓவிய ஆசிரியரை டிராயிங் என்போம். கணித ஆசிரியர், கணக்கு. அலுவலக எழுத்தர் மெலிந்தவர், ஆகவே குண்டூசி. எனக்கு அவர்கள் இட்ட பெயர் ரிஜிஸ்டர். ஆண்டுக்கொருமுறை ஏதேனும் ஒரு நகரத்துக்குச் சென்று ஐந்து நாள் தங்குவோம். வண்டி, வீடு, நேரம் ஆகிய மூன்றும் என் பொறுப்பு. வண்டியில் ஏறியதும் நான் பெயர் வாசிப்பேன். அவர்கள் பள்ளிப் பிள்ளைகளைப்போல "உள்ளேன் ஐயா" என்பார்கள். அவர்களுக்கு அது வேடிக்கை. அதனால் எனக்கு வருத்தமில்லை. வேடிக்கையாகச் சொன்னாலும் வருகை வருகைதான்.

நேற்று கடைசி நாள். வண்டி பதினொன்றரைக்கு. கணக்கும் குண்டூசியும் பேரப்பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார்கள். மூன்றாம் மாடியில் நாங்கள் எடுத்திருந்த வீட்டின் கூடத்தில் நான் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். வாசலருகே மூன்று பெட்டிகள் வரிசையாக இருந்தன. டிராயிங்கின் பெட்டி மட்டும் நாலடி தள்ளித் தனியே நின்றது. முதலில் அதைத்தான் கவனித்தேன்.

"ரிஜிஸ்டர், என் பேரை அடிச்சிடுய்யா. நான் வரல" என்றார்.

"எங்க வரல?"

"ஊருக்குத்தான். ரெண்டாம் நாள் பார்த்தோமே, படத்துக்கெல்லாம் சட்டம் போடுற கடை. அந்தக் கடைக்காரர் மேல ஒரு ரூம் தர்றேங்கிறார். காலையில சட்டம் அறுக்கணும். சாயங்காலம் என் படத்தை நான் வரையலாம். அறுபத்தாறு வயசுல ஒருத்தன் என்னை வேலைக்குக் கூப்பிடுறான்யா! ஊர்ல என்ன இருக்கு எனக்கு? நானும் சுவரும் மூஞ்சிய மூஞ்சியப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கோம்."

அவர் மனைவி இறந்து மூன்றாண்டாகிறது. அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. நான் அதை மறுக்கவுமில்லை.

"சரி. இன்னைக்கு எங்களோட வந்துடு. நாளைக்கு பஸ் ஏறித் திரும்பி வா" என்றேன். இதைவிட நியாயமான ஏற்பாட்டை எவரும் சொல்லியிருக்க முடியாது.

அவர் சிரித்தார். "நாலு மணி நேரம் போயி, நாலு மணி நேரம் திரும்பி வரணும், உன் நோட்டுல ஒரு டிக் விழுறதுக்கு. நான் என்ன செக்கு மாடா?"

அவர் கையைப் பிடித்தேன்.

"என்ன, அந்தப் பொண்ணு தோளைக் கழட்டின மாதிரி என்னோடதையும் கழட்டப் போறியா?"

அதனையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை அருங்காட்சியகத்தில் ஒரு மாணவி, தன் அத்தை வந்திருப்பதாகவும் அவரோடு போய்விடுவதாகவும் சொன்னாள். அத்தையும் எதிரில்தான் நின்றார். நான் மாணவியின் கையைப் பற்றிப் பேருந்துவரை நடத்தி வந்தேன். நடக்க மறுத்த இடங்களில் இழுத்தேன். தோள்மூட்டு நழுவிவிட்டது. வழி நெடுக அவளை மடியில் கிடத்தி வந்தவர் டிராயிங். இருபத்திரண்டு ஆண்டுகளாக அதைப் பற்றி அவர் ஒரு சொல் பேசியதில்லை. அன்று புறப்பட்டவர்கள் நாற்பத்திருவர். திரும்பியவர்களும் நாற்பத்திருவர்.

"கடைக்குக் கிளம்புறேன்ப்பா. கோச்சுக்காத" என்று சொல்லி, ஷூ நாடாவைக் கட்டக் குனிந்தார்.

இஸ்திரிப் பெட்டி பழைய வகை, நல்ல கனம். மின்சாரம் ஓடும்போது அதனை வீசக் கூடாது. ஆகவே முதலில் பிளக்கைப் பிடுங்கினேன். முதல் அடி காதுக்குப் பின்னால் விழுந்தது. அவர் முழங்காலில் சரிந்து, என் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு, "ஏன்யா?" என்று கேட்டார். ஏன் என்பதைச் சற்று முன்புதான் விளக்கியிருந்தேன். இரண்டாம் அடி உச்சியில். மண்டையோடு விரிசல் விடும் ஓசை கேட்டது. முடி பொசுங்கிய வாடை எழுந்தது. மூன்றாம் அடி தேவைப்பட்டிராது என்று இப்போது நினைக்கிறேன். மூன்று முறையும் முகத்தில் படாமல் பார்த்துக்கொண்டேன். வண்டியில் முகம் தெரியும் அல்லவா. அவருடைய குதிகால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. அது நிற்கும்வரை மீதமிருந்த சட்டைகளை மடித்து வைத்தேன்.

பிறகு தலையை இரண்டு துண்டுகளால் இறுகக் கட்டி, மேலே என் கம்பளிக் குல்லாயைப் போட்டேன். கறுப்புக் கண்ணாடி அணிவித்தேன். அவிழ்ந்து கிடந்த நாடாவையும் கட்டிவிட்டேன். தரையைத் துடைத்தேன், வாடகை வீட்டை வந்தபடியே ஒப்படைக்க வேண்டும். முதியவர்களுக்கென்று கீழே ஒரு சக்கர நாற்காலி வைத்திருந்தார்கள். அதனை லிஃப்டில் மேலே கொண்டுவந்தேன்.

"என்ன சார் ஆச்சு?" என்றார் கீழே வாசலில் நின்ற காவலாளி.

"தலைசுத்தல். மாத்திரை போட்டுத் தூங்குறாரு."

"அய்யோ பாவம். நேத்துதான் சார் என் மகளை உக்கார வெச்சு அச்சு அசலா வரைஞ்சு குடுத்தாரு. தங்கமான மனுஷன்." அவரே கால்பக்கம் பிடித்துக்கொண்டார். இருவருமாக அவரை வண்டியின் சன்னலோர இருக்கையில் உட்கார வைத்தோம். இடுப்புப் பட்டையை நான் மாட்டினேன்.

ஓட்டுநர் தேநீர் குடித்துவிட்டு வந்தார். பதினொன்று இருபதுக்கு மற்ற இருவரும் பைகளோடு வந்தார்கள்.

"யாருய்யா இது, புது மாப்பிள்ளை மாதிரி கறுப்புக் கண்ணாடி! ஏறின உடனே கொறட்டையா?" என்றார் குண்டூசி.

"எழுப்பாதீங்க. மாத்திரை போட்டிருக்கார்" என்றேன்.

கணக்கு அவர் பக்கத்தில் அமர்ந்தார். நான் பெயர் வாசித்தேன். கணக்கு, உள்ளேன் ஐயா. குண்டூசி, உள்ளேன் ஐயா. டிராயிங். குண்டூசி மூக்கைப் பிடித்துக்கொண்டு, டிராயிங்கின் குரலில், "உள்ளேன் ஐயா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கடைசியில் என்னைச் சேர்த்துக்கொண்டேன். நான்கு. அப்போது என் நெஞ்சில் இருந்த நிம்மதியை ஐயாவுக்கு எப்படி விளக்குவதென்று தெரியவில்லை.

பெரிய சாலைக்கு வருமுன் ஒரு வேகத்தடை. வண்டி தூக்கிப் போட்டதில் டிராயிங்கின் தலை கணக்கின் தோளில் சாய்ந்தது, குல்லாய் நழுவியது. கணக்கு தம் தோளைத் தொட்டு, கையைப் பார்த்தார். அவர் கூச்சலிடவில்லை, வாய் மட்டும் திறந்தபடி இருந்தது. கூச்சலிட்டவர் குண்டூசி. ஓட்டுநரின் முதுகில் இரு கைகளாலும் அறைந்தார். சிக்னலில் வண்டி நின்றதும் மூவரும் கதவைத் திறந்துகொண்டு, வாகனங்களுக்கிடையே விழுந்தடித்து ஓடினார்கள். நான் ஓடவில்லை. டிராயிங்கின் தலையை நிமிர்த்தி, குல்லாயைச் சரிசெய்து, உங்கள் ஆட்கள் வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. தெரிந்திருந்தால் நாங்கள் இருவராவது ஊர் சேர்ந்திருப்போம்.

இந்தத் தாளில், நான் என் நண்பரை அடித்துக் கொன்றதாக எழுதியிருக்கிறீர்கள். அது உண்மை. அதில் திருத்தம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் "நண்பரை விட்டுப் பிரிய மனமின்றி" என்று ஒரு காரணம் சேர்த்திருக்கிறீர்கள். அது தவறு, அடித்துவிடுங்கள். அவர்மீது எனக்கு அப்படியொன்றும் தனிப் பற்று கிடையாது. எவர் அந்த இடத்தில் இருந்திருந்தாலும் இதையேதான் செய்திருப்பேன்.

கையெழுத்திடுமுன் ஒரே ஒரு வேண்டுகோள். டிராயிங் பிணவறையில் பத்திரமாக இருக்கிறார். அது எனக்குத் தெரியும். நான் இங்கே இருக்கிறேன். மற்ற இருவரும் அடுத்த அறையில் சாட்சி சொல்லக் காத்திருக்கிறார்கள். கதவுக் கண்ணாடியில் குண்டூசியின் முழங்கை தெரிகிறது. நாங்கள் இன்னும் ஊர் திரும்பவில்லை, ஐயா. இந்தக் கைவிலங்கை மட்டும் சற்றுக் கழற்றிவிடுங்கள். அவர்களை நானே ஊருக்கு அழைத்துப்போகிறேன்.