இளவழகன் வரைந்த வீடு

உச்சி வேளை. பட்டுக்கோட்டையைத் தாண்டி, வாய்க்கால் கரையோரமாகப் போகிற ஒற்றைச் சாலை. முன்னாலும் ஆள் இல்லை... பின்னாலும் ஆள் இல்லை.

பேய்க் கதை என்று கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டுப் பட்டப்பகலில் ஆரம்பிக்கிறானே என்றுதானே பார்க்கிறீர்கள்? பேய்க்கு ராத்திரி டூட்டி மட்டும்தான் என்று யார் சொன்னது? நடுச்சாமம் எப்படியோ, உச்சிப்பொழுதும் அப்படித்தான். நம் நிழலே நம் காலுக்குள் ஒடுங்கிக்கொள்கிற நேரம் அது. அந்தக் கதவைச் சாத்திவிட்டுக் கிட்டே வாருங்கள். கரண்ட் இப்போதைக்கு வராது.

இது நம் ஹஸ்ஸானுடைய மச்சான் சித்தீக்குக்கு நடந்தது. ஹஸ்ஸானுக்கே நடந்திருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்; அவன் கடுகைச் சொன்னால் மலையாகத்தான் வரும். சித்தீக் அப்படியில்லை. அதிராம்பட்டினத்தில் லேப்டாப் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். பொய் சொல்லத் தெரியாத மனிதன். சொன்னாலும் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

வைகாசியில் அவன் கடைக்கு ஒரு பெண் வந்தாள். பெயர் தமிழ்நிலா, காலேஜில் படிக்கிறவள். கையில் அவள் அண்ணன் இளவழகனின் லேப்டாப்.

"ஆன் ஆவுதுண்ணே. ஆனா அண்ணன் வரஞ்ச வீடு மட்டும் தொறக்க மாட்டேங்குது."

இளவழகன் கட்டடப் படிப்பு படித்தவன். கஜா புயலில் அவர்கள் வீட்டுக் கூரை போய்விட்டது. அன்றிலிருந்து தார்ப்பாய்தான். அம்மாவுக்கு ஒரு வீடு கட்ட வேண்டும் என்று ராவும் பகலுமாக உட்கார்ந்து வரைந்தான். வெறும் கோட்டுப் படம் இல்லை. திரையிலேயே வாசல் வழியாக உள்ளே நுழைந்து, அறை அறையாக நடந்து பார்க்கிற மாதிரி. முழுக்க முடித்துவிட்டுத்தான் காட்டுவேன் என்று அம்மா கண்ணில் காட்டவே இல்லை. அதற்குள் ஓர் ஐப்பசி மழையில், வயலில் அறுந்து கிடந்த கரண்ட் கம்பியை மிதித்துவிட்டான். அவ்வளவுதான். பிள்ளை போய்விட்டது.

வருஷம் திரும்பித் தலைத்திவசமும் ஆனது. இப்போது மனை போடப் போகிறார்கள். அவன் வரைந்தபடிதான் கட்டுவேன், இல்லாவிட்டால் தார்ப்பாயே போதும் என்று அம்மா ராசம்மாள் ஒரே பிடியாக நிற்கிறாளாம்.

சித்தீக் போட்டுப் பார்த்தான். திரையில் வருகிற பாகங்களின் பட்டியலில், படம் காட்டுகிற கிராபிக்ஸ் கார்டின் பெயரே இல்லை. அது இல்லாமல் அந்த வீடு திறக்காது. மறைந்திருப்பதையும் காட்டு என்று ஒரு வசதி உண்டு, அதை அமுக்கினான். கார்டின் பெயர் மங்கலாக, சாம்பல் நிறத்தில் வந்தது. முன்பு இருந்தது, இப்போது இணைப்பில் இல்லை என்று அர்த்தம். அந்த வரியை அவள் முன்னால் படித்துக் காட்ட அவனுக்கு மனசு வரவில்லை.

கார்டை ஓட்டுகிற டிரைவர் சாஃப்ட்வேரை அழித்துப் புதிதாகப் போட்டான். பேட்டரியைக் கழற்றி, மிச்சமிருந்த கரண்டை எல்லாம் வடியவிட்டுப் பார்த்தான். ஊஹூம். ஃபைலை வேறு கம்ப்யூட்டரில் போட்டால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். அவனும் போட்டான். அங்கே பாஸ்வேர்டு கேட்டது. அது தெரிந்தவன் மண்ணுக்குள் இருக்கிறான்.

கடைசியில் பின்மூடியைத் திறந்தான்.

சாம்பிராணி வாசனை... பிறகு, கருவாட்டுக் குழம்பு.

ஃபேன் ஓரத்தில் திருநீற்றுத் தூள். அந்தக் கார்டின் சிப்பைச் சுற்றித் தண்ணீர் காய்ந்த வெள்ளைக் கறை. அதில் ஒட்டிக்கொண்டு ஒரு சோற்றுப் பருக்கை, கல்லாய்க் காய்ந்து.

"இது எப்படிம்மா உள்ள வந்துச்சு?"

தமிழ்நிலா அழுதுவிட்டாள். திவசத்தன்று படையல் போட்டார்கள். செத்தவருக்குப் பிடித்ததை எல்லாம் படத்துக்கு முன்னால் வைப்பது வழக்கம்தானே? ராசம்மாள் லேப்டாப்பைத் திறந்து இலைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். உயிரோடு இருந்தபோதும் அதைப் பார்த்துக்கொண்டேதான் அவன் சாப்பிடுவான். பிறகு டம்ளர் தண்ணீரை எடுத்து இலையைச் சுற்றி விட்டாள். கை நடுங்கி, இலைச் சோற்றிலும் லேப்டாப்பிலும் சிந்திவிட்டது.

"அதனாலதான் கெட்டுச்சுன்னு அம்மாவுக்குத் தெரியாதுண்ணே. தெரிஞ்சா தாங்காது. சொல்லிடாதீங்க..."

சித்தீக் தலையாட்டினான். பொய் சொல்லத் தெரியாதவன்தான், ஆனாலும் ஆட்டினான்.

சிப்பைச் சூடாக்கி உயிர் கொடுக்கப் பார்த்தான். வரவில்லை. போதாக்குறைக்கு, அதனால் மெஷினே அணைந்து அணைந்து போனது. வேறு வழியில்லாமல் சிப்பைப் பெயர்த்து எடுத்துவிட்டான். மெஷின் ஓடியது. பாட்டுக் கேட்கலாம், படம் பார்க்கலாம். வீடு மட்டும் கிடையாது. எடுத்த சிப்பைச் சின்னப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, வாயைச் சூடுவைத்து ஒட்டி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். பார்ட்ஸை உரியவர்களிடம் கொடுத்துவிடுவது அவன் பழக்கம்.

லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பி, அப்படித்தான் அந்தச் சாலைக்கு வந்தான். அமாவாசை. உச்சி வேளை.

ஆற்றுத் தண்ணீர் இன்னும் கடைமடைக்கு வரவில்லை. வயல் வெடித்துக் கிடந்தது. காக்காய் சத்தம்கூட இல்லை. ஒரு பம்புசெட்டு கொட்டகை தெரிந்தது. அதைக் கடக்கும்போது...

உய்ய்ங்...

லேப்டாப் ஃபேன் சுற்றுகிற சத்தம். முதுகுப் பையிலிருந்து.

வண்டியை நிறுத்திப் பையைத் திறந்தான். மெஷின் அணைந்திருந்தது. தொட்டால் சில்லென்று இருந்தது, அந்த வெயிலில். பிஸ்மி சொல்லி ஜிப்பை இழுத்து மூடினான். அந்தக் கொட்டகைக்குப் பக்கத்து வயலில்தான் இளவழகன் விழுந்து கிடந்தான் என்பது அவனுக்கு அப்போது தெரியாது.

இளவழகன் வீட்டில் அமாவாசைப் படையலுக்கு இலை போட்டிருந்தார்கள். அப்பா இராஜாங்கம் துண்டால் முகத்தைத் துடைத்தபடி ஓரமாக நின்றார். ராசம்மாள் ஓடிவந்தாள்.

"வாங்க தம்பி. வெயில்ல வந்துருக்கீங்க, சாப்பிட்டுத்தான் போகணும். வீடு தெரியுதா?"

"அம்மா, அது வந்து..."

"இருங்க, அவனுக்குப் படச்சுட்டுப் பேசிக்கலாம்."

லேப்டாப்பை வாங்கி, திறந்து, அதே மாதிரி இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். சாம்பிராணி போட்டாள். டம்ளரைக் கையில் எடுத்தாள்.

"தண்ணி வேணாம்மா!"

சித்தீக் கத்திவிட்டான். நாக்கைக் கடித்துக்கொண்டான். ராசம்மாள் கை அப்படியே நின்றது. அவன் முகத்தைப் பார்த்தாள்.

"போன தடவ ஊத்துனேனே... அதனாலயா தம்பி?"

"இல்லம்மா. அது... பழைய கார்டும்மா."

அந்த முகத்தைப் பார்த்தால் கைக்குழந்தைகூட நம்பாது. ராசம்மாள் டம்ளரை மெல்லக் கீழே வைத்தாள்.

"எம்புள்ள கட்டுன வீட்ட நானே அணச்சுட்டேனா..."

இராஜாங்கம் எல்லாரையும் வெளியே வரும்படி கையைக் காட்டினார்.

படைத்தபின் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே நிற்க வேண்டும். வந்தவர் நிம்மதியாகச் சாப்பிட வேண்டுமே. நின்றார்கள். தார்ப்பாய் வெயிலில் படபடத்தது. பிறகு அதுவும் நின்றது.

உய்ய்ங்...

இந்தத் தடவை எல்லாருக்கும் கேட்டது.

இராஜாங்கம்தான் கதவைத் தள்ளினார். திரையில் ஒரு வீடு. வெள்ளைச் சுவர், சிவப்புத் தரை. யாரும் தொடவில்லை, ஆனால் வாசலிலிருந்து உள்ளே நகர்ந்துகொண்டிருந்தது. மெதுவாக... கூட ஒருத்தரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போகிற மாதிரி. கூடம். அறை. அடுப்படி.

"பாருங்க, சன்னல கெழக்கதான் வச்சுருக்கான்," என்றாள் ராசம்மாள். "பொக வெளிய போவணும்னு சொல்லிக்கிட்டே இருப்பேன்..."

தமிழ்நிலா அழுதுகொண்டே போனில் படமாக எடுத்துக்கொண்டிருந்தாள். சித்தீக்கின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. கவர் தட்டுப்பட்டது. சிப் உள்ளேதான் இருந்தது.

"அழகு, அம்மா தெரியாம ஊத்திட்டேன்டா..." என்று தரையில் உட்கார்ந்து கதறினாள் ராசம்மாள்.

திரை நின்றது. அடுப்படி மேடைக்குத் திரும்பியது. அந்த மேடைமேல் ஒரு டம்ளர். நிறையத் தண்ணீர். அதன் முன்னால் வந்து நின்றது. நகரவே இல்லை.

இராஜாங்கம் அன்றைக்கு வாயைத் திறந்தது ஒரே தடவைதான். "தண்ணி கேக்குறான் புள்ள. குடு."

ராசம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டம்ளரை எடுத்து, இலையைச் சுற்றி நிதானமாகத் தண்ணீர் விட்டாள். கை நடுங்கவில்லை.

திரை அணைந்தது. அப்புறம் அது எப்போதும் திறக்கவில்லை. தமிழ்நிலா எடுத்த படத்தைப் பார்த்தே கொத்தனார் சிங்காரவேலு முளையடித்தார். வீடு இப்போது நிற்கிறது. அடுப்படிச் சன்னல் கிழக்கேதான்.

அன்றைக்குச் சிப்பைக் கொடுக்க சித்தீக்குக்கு மனசு வரவில்லை. அவர்கள் போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டு அப்படியே கிளம்பினான். அதே சாலை. பம்புசெட்டு கொட்டகை வந்ததும் நெஞ்சில் சுரீரென்று சுட்டது. வண்டியை நிறுத்திக் கவரை வெளியே எடுத்தான்.

அவனே சூடுவைத்து ஒட்டிய வாய். பிரியவே இல்லை. ஆனால் கவருக்குள் முழுக்க ஆவி... முத்து முத்தாய்த் தண்ணீர்.

விரலால் அமுக்கித் தள்ளிப் பார்த்தான். சிப்பின் மேல் ஒரு சோற்றுப் பருக்கை. வெள்ளையாய், மெத்தென்று... அப்போதுதான் வடித்த சோறு.