கறுப்புக்குப் பிறகு வெள்ளி

உங்கள் மேஜையில் இருந்த பேனாக்களை நான்தான் நிறம் பார்த்து அடுக்கி வைத்தேன், ஐயா. நீங்கள் காபி எடுக்கப் போன நேரத்தில் கை சும்மா இருக்கவில்லை. வெளிறிய நிறம் முதலில், கறுப்பு கடைசியில். வருடக்கணக்கான பழக்கம். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேட்டவர்களுக்குக் கேட்ட வரிசையில் காருக்குப் பெயின்ட் அடித்துக் கொடுப்பார்கள் என்றுதான் வெளியில் எல்லோரும் நினைக்கிறார்கள். டேட்டனில் ஒரு பல் டாக்டர் சிவப்புக் கார் கேட்பார். அடுத்த ஆள் டொலிடோவிலிருந்து வெள்ளை கேட்பார். அவர்கள் இஷ்டத்துக்கு விட்டால் ஒவ்வொரு காருக்கும் நடுவில் பெயின்ட் குழாயைக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அதற்காகத்தான் பெயின்ட் பிரிவில் நான் இருந்தேன். கிளைட் ஹாஸ்கின்ஸ், வரிசை போடுகிறவன். வெள்ளைகளை எல்லாம் ஒன்றாகச் சேர்ப்பேன். பிறகு மஞ்சள், சிவப்பு, நீலம், கடைசியில் கறுப்பு. குழாயில் மஞ்சள் கொஞ்சம் ஒட்டியிருந்தால் சிவப்பு அதை விழுங்கிவிடும். சிவப்பு ஒட்டியிருந்தால் மஞ்சள் ஊருக்கே காட்டிக் கொடுத்துவிடும். இதில் யாராவது கை வைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

இந்த வருடம் கம்பெனியின் வெள்ளி விழா. அதற்காக ஒரு சிறப்புப் பதிப்பு வந்தது. மேலே வெள்ளி நிறம், இடுப்புக்குக் கீழே கரும் சாம்பல். ஒவ்வொரு காரிலும் அதன் எண் பொறித்த தகடு இருக்கும். நாளைக்குப் பழைய கார் சேர்க்கிறவர்கள் அந்தத் தகட்டைப் பார்த்துத்தான் விலை பேசுவார்கள். அதனால் ஒன்றாம் எண் கார் முதலில் போக வேண்டும், இரண்டாம் எண் அதன் பின்னால். வரிசை மாறினால் விழாவுக்கே அர்த்தம் இல்லை.

வெள்ளி நிறம் ஒரு சனியன். அதில் பொடிப்பொடியாக உலோகத் துகள் இருக்கும். அது எங்கே போய் ஒட்டினாலும் தெரியும். அதே மாதிரி கறுப்பு ஒரு துளி மிச்சம் இருந்தாலும் வெள்ளி நாசம். குழாயை மட்டும் கழுவினால் போதாது. பெயின்ட் அடிக்கிற அறையின் கம்பித் தரைக்கு அடியில் ஒரு குழி இருக்கிறது. மேலே சிதறுகிற பெயின்ட் எல்லாம் அங்கே ஓடுகிற தண்ணீரில் விழும். தண்ணீரை வடித்துவிட்டு ஒரு ஆள் உள்ளே இறங்கி, சேற்றைச் சுரண்டி எடுக்க வேண்டும்.

அந்த ஆள் டெல்மர். என் தங்கை நடீனின் புருஷன். இதுவும் உங்களுக்குத் தெரியும்.

குழியில் இறங்குகிறவன் தன் பெயர் எழுதின சிவப்பு அட்டையை மேலே பம்ப் சுவிட்சில் மாட்டிவிட்டுத்தான் இறங்குவான். மாட்டினவன் கையாலேயே அதைக் கழற்ற வேண்டும். முதலாளியே வந்தாலும் தொடக் கூடாது. நல்ல சட்டம்தான். ஆனால் டெல்மருக்கு மறதி. மேலே ஏறி வந்து, அட்டையைக் கழற்றாமலே சாப்பிடப் போய்விடுவான். கார்கள் வரிசையாக நகர்ந்து வருகிற மொத்த லைனும் அவனுக்காகக் காத்துக் கிடக்கும். "டெல்மரு அட்டைதான் வேலை பாக்குது, டெல்மரு சும்மா தொணைக்கு வர்றாரு" என்று பெயின்ட் அடிக்கிற ரூஃபஸ் கிண்டல் செய்வான். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது.

அன்று காலை டெல்மரும் நானும் என் வண்டியில்தான் வேலைக்கு வந்தோம். எப்போதும் போல அவன் மடியில் பச்சைச் சாப்பாட்டுப் பெட்டி. நடீன் முட்டை சாண்ட்விச் செய்து கொடுத்திருந்தாள்.

"மச்சான், மத்தியானம் கறுப்பு முடிஞ்சதும் குழிய சுரண்டணும். ஒரு வாரத்துச் சேறு, கல்லு மாதிரி கெடக்கும். என்னைய வெரட்டாத."

"யாரு வெரட்டுறா? விருந்தாளிங்க வர்றாங்க. பெரிய முதலாளி வர்றாரு. அவங்க முன்னால மொதக் காரு போகணும்."

"அவரு வந்தா வரட்டும். நான் மேல வந்து உன் மூஞ்சியப் பாத்தப்புறம்தான் நீ பட்டனத் தொடணும். ஆமா."

"என் மூஞ்சியப் பாத்தா பெயின்ட்டே சுருங்கிப்போகும்னு நீதானடா சொல்லுவ?"

"சுருங்கட்டும். நான் சுருங்காம இருந்தா சரி" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். எனக்கு அவனைப் பிடிக்கும், ஐயா. இதை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

காலையில் ஒரு தடவை லைன் நின்றது. அதனால் எல்லாம் தள்ளிப்போயிற்று. கறுப்பு முடியும்போது விருந்தாளிகளின் கார்கள் வாசலில் வந்துவிட்டன. டெல்மர் சாப்பாட்டுப் பெட்டியை வழக்கம் போல என் மேஜையில் வைத்தான், அட்டையை மாட்டினான், சுரண்டியை எடுத்துக்கொண்டு இறங்கினான்.

கொஞ்ச நேரம் கழித்து மேனேஜர் ஆல்ப்ரிட்டன் வியர்த்துக்கொண்டு வந்தார்.

"என்னப்பா கிளைட், மேல எல்லாரும் கண்ணாடிக்குப் பின்னால வந்து நிக்கிறாங்க. எப்ப ஆரம்பிக்கிற?"

"அட்டை இருக்கு, சார்."

"அவன் எங்க?"

"சாப்பிடப் போயிருப்பான், சார். எப்பவும் இப்படித்தான், மறந்துருவான்."

அவர் அட்டையைக் கழற்று என்று சொல்லவில்லை. இதில் நான் நியாயமாக இருக்க வேண்டும். வாட்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேலே போய்விட்டார். அப்படிப் பார்த்துவிட்டுப் போனால் என்னைப் போன்றவன் என்ன செய்ய முடியும்? மேலே முதலாளி, கீழே லைன். நடுவில் நான் மத்தளம். என் கையில் எதுவும் இல்லை என்று எனக்கு அப்போது நன்றாகத் தெரிந்தது. பயமாகவும் இருந்தது.

அட்டையைக் கழற்றினேன். பட்டனை அழுத்தினேன்.

பம்ப் ஓடினால் குழியில் தண்ணீர் ஏறும். கூடவே காற்றாடியும் சுற்றி மேலே இருக்கிற பெயின்ட் புகையை எல்லாம் கீழே தள்ளும். அந்தக் காற்று அழுத்தத்தில் குழியின் இரும்புக் கதவை இரண்டு பேர் சேர்ந்தாலும் திறக்க முடியாது. வடிவமைப்பே அப்படி.

ஒன்றாம் எண் கார் உள்ளே வந்தது. ரூஃபஸ் முகமூடியைப் போட்டுக்கொண்டு அடிக்க ஆரம்பித்தான். அவ்வளவு சுத்தமான வெள்ளியை நான் பார்த்ததே இல்லை. கொஞ்ச நேரத்தில் அவன் முகமூடியைத் தூக்கினான்.

"கிளைட், கீழ ஏதோ தட்டுதுப்பா."

"பம்ப்பு. பாதியில நிறுத்தினா திட்டுத் திட்டா நிக்கும். அடி."

ரூஃபஸ் மேல் குற்றம் இல்லை. அவன் என்னை நம்பினான். முகமூடியை இறக்கிக்கொண்டு அடித்தான்.

பம்ப் அப்படித் தட்டாது என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மைதான். இரும்பில் இரும்பு படுகிற சத்தம் அது. பிறகு குரலும் கேட்டது. கிளைட்டி என்று கூப்பிட்டது. என்னை அப்படிக் கூப்பிடுவது வீட்டில் நடீன், அவளைப் பார்த்து அவள் புருஷன். வேறு யாரும் இல்லை.

எப்போதிலிருந்து தெரியும் என்று காலையிலிருந்து அதையே கேட்கிறீர்கள். குரல் கேட்டபோது என்று முதலில் எழுதிக் கொடுத்தேன். அது சரியில்லை. அட்டையைக் கழற்றுவதற்கு முன்னால், விருந்தாளிகள் கண்ணில் பட்டால் அசிங்கமாக இருக்குமே என்று என் மேஜையை ஒழுங்கு செய்தேன். அந்தப் பச்சைப் பெட்டியை எடுத்து மேஜைக்கு அடியில் வைத்தேன். கனமாக இருந்தது. அதை அவன் திறக்கவே இல்லை. பெட்டியை விட்டுவிட்டு டெல்மர் சாப்பிடப் போகிற ஆள் இல்லை.

நடீன் என் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறாளாம். அவளிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். எனக்கு வேறு வழி இருக்கவில்லை. ஒன்றாம் எண் பாதியில் நின்றிருந்தால் இரண்டாம் எண் ஒன்றாக ஆகியிருக்கும். அப்புறம் தகடு எல்லாம் பொய்.

லைனை நிறுத்துகிற கயிறு என் தலைக்கு மேலேயே தொங்கியதே என்கிறீர்கள். தொங்கியது. யார் வேண்டுமானாலும் இழுக்கலாம், யாரும் கேள்வி கேட்கக் கூடாது, அதுவும் சட்டம்தான். காலையில் அதை இழுத்தது நான்தான். மஞ்சள் கார் ஒன்றின் ஈரப் பெயின்ட்டில் ஒரு ஈ உட்கார்ந்துவிட்டது. ஒரே நாளில் இரண்டாவது தடவையும் நானே இழுத்தால் ஆல்ப்ரிட்டன் என்னைப் பற்றி என்ன நினைப்பார், நீங்களே சொல்லுங்கள்.