மூன்றாம் நாள் என்று நான் சொன்னேன்

ஓடுகிறேன். மாம்புரிக் கரை. காலை ஐந்து மணி பத்து நிமிடம். காலுக்குக் கீழே ஈர மணல். பிறகு வெங்காயப் பாத்தி.

"லைட் அடிக்கிறாங்க! பாயுங்க! எல்லாரும் பாயுங்க!"

கத்தியவர் யாரென்று தெரியாது. கடலில் இயந்திரம் இரண்டு முறை இருமியது. நின்றது. விசில் மூன்று முறை. பிறகு ஒரு வெடி. வானத்தை நோக்கிச் சுட்டதாகப் பின்னர் சொன்னார்கள். நான் குப்புறப் படுத்துவிட்டேன். வடக்கில் பழகிய பழக்கம். காது கேட்குமுன் உடல் படுத்துவிடும்.

போர் முடிந்து இரண்டாம் ஆண்டு அது. நான் இலங்கையின் மேற்குக் கரையில் உள்ள மாம்புரியில் பிறந்தவன். பட்டப்படிப்புக்காக வடக்கே போனேன். கடைசி மாதங்களில் அங்கேயே அகப்பட்டேன். உயிரோடு ஊர் திரும்பிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தேன். திரும்பிய பின்னும் விசாரணைகள் நிற்கவில்லை. ஆகவே கடல் கடந்து தப்பப் பார்த்தேன். சொந்தக் கரையிலிருந்தே.

ஏற்பாடு இது. பெரிய படகு தூரத்தில் நிற்கும். எங்கள் ஊர் மீனவர் சூசை அண்ணன் தம் வள்ளத்தில் ஆறு ஆறு பேராகக் கொண்டுபோய் ஏற்றுவார். நான் மூன்றாவது நடை. இரண்டாவது நடை பாதி வழியில் இருந்தபோது கடற்படையின் வெளிச்சம் விழுந்தது. வள்ளம் கவிழ்ந்தது. ஆறு பேரில் நால்வர் நீந்திக் கரை சேர்ந்தனர். வன்னியிலிருந்து வந்த ஒரு கணவனும் மனைவியும் சேரவில்லை.

எங்களைக் கொண்டுபோன இடத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. ஓர் அறை. ஒன்பது ஆண்கள். ஒவ்வொரு நாளும் ஒரே கேள்வி. இதை ஒழுங்கு செய்தவன் யார்? எங்களுக்குத் தெரியாது. தொலைபேசியில் வந்த ஒரு குரலை மட்டுமே அறிவோம். அவர்கள் நம்பவில்லை.

மாலையில் சோற்றுக்குப் பிறகு ஆளுக்கொரு படம் சொல்வது வழக்கமாயிற்று. தொடங்கியவர் நஸீர் நானா. பள்ளிவாசல்துறை மீன் வியாபாரி. கரைக்கு டீசல் கான் கொண்டுவந்து அகப்பட்டவர். தட்டில் தாளம் போட்டுப் பாட்டையும் சேர்த்தே சொல்வார்.

"படத்துல ஜெயிலால வெளிய வாறவன் மேல மழ பெய்யும், பொறகு பாட்டு வரும்," என்பார். "நமக்குப் பாருங்க, குடிக்கிற தண்ணிக்கே வரிசை."

சூசை அண்ணன் படம் பார்ப்பவரல்லர். அவருக்குத் தெரிந்தது தவக்காலத்தில் கோயில் முற்றத்தில் நடக்கும் திருப்பாடுகளின் நாடகம். அதில் ஆண்டுதோறும் அவரே நல்ல கள்ளன். யேசுவின் வலப்பக்கச் சிலுவை. கடைசி மணித்துளியில் மனம் வருந்தி மோட்சம் பெறுபவன்.

"வசனம் கொஞ்சம்தான் மாஸ்டர். ஆனா மோட்சம் ஒடன கிடைக்கும்."

"வேல கொறவு, சம்பளம் கூட," என்றார் நஸீர் நானா. "எனக்கும் அந்த வேஷத்த வாங்கித் தாங்களேன், சூச."

அறை முழுவதும் சிரித்தது. அங்கே நான் கேட்ட கடைசிச் சிரிப்பு அது.

என் முறை வந்தது. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் கழிந்து மூன்றாவது வாரம். பல்கலைக்கழகத்தில் படித்த ஒரு நாவலைச் சொன்னேன். கலங்கரை விளக்கக் காவலன் ஒருவன் தூங்கிவிடுகிறான். கப்பல் பாறையில் மோதுகிறது. விளக்கு எரிந்ததாக அவன் சாதிக்கிறான். வேறொரு குற்றத்துக்காகச் சிறைக்கு வருகிறான். அங்கே ஒரு நாள் தூங்கியதை ஒப்புக்கொள்கிறான்.

நாவலில் அதன் பிறகு எவரும் வருவதில்லை. சுவரைப் பார்த்தபடியே அவன் இறந்துபோகிறான்.

நான் அப்படிச் சொல்லவில்லை. சூசை அண்ணன் இரண்டு நாட்களாகச் சோற்றைத் தொடவில்லை. நம்பிக்கையின்மை ஆளைக் கொல்லும், நம்பிக்கை கொல்லாது என்று கணக்கிட்டேன். முடிவை மாற்றினேன். ஒப்புக்கொண்ட மூன்றாம் நாள் கதவு திறந்தது என்றேன். காவலன் கடற்கரைக்கு நடந்தான் என்றேன்.

சூசை அண்ணன் அன்று சாப்பிட்டார். நான் மகிழ்ந்தேன்.

மறுநாள் காலை என்னைச் சுவரோரம் அழைத்தார்.

"வெளிச்சத்தக் கண்டதும் நான் பாய்ஞ்சிட்டன் மாஸ்டர். வள்ளத்த விட்டுட்டு. அந்த வன்னிப் புள்ள, புருசனோட வந்தவ, என்ட கையப் பிடிச்சா. ஒதறிட்டு நீந்தினன்."

பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும், கோயில் சுவாமியைக் கூப்பிட்டுத் தாருங்கள் என்று காவலரிடம் கேட்டார். முடியாது என்றார்கள். ஒவ்வொரு நாளும் கேட்டார். ஒவ்வொரு நாளும் முடியாது. பதிலாக ஒரு கடதாசி வந்தது.

ஈஸ்டருக்கு முந்திய பெரிய கிழமை. திங்கள். காலை பத்து மணி. என்னை விசாரணை அறைக்குக் கூப்பிட்டார்கள். வாக்குமூலம் சிங்களத்தில் இருந்தது. சூசை அண்ணன் சிங்களம் பேசுவார், வாசிக்க மாட்டார். எனக்கு வாசிக்கத் தெரியும். வரி வரியாகத் தமிழில் சொன்னேன். பயணத்தை ஒழுங்கு செய்தது தானே என்றிருந்தது. ஆள் சேர்த்தது தானே என்றிருந்தது. எல்லாம் பொய்.

"அந்தப் புள்ளட கத இதுல இல்லயா?"

"இல்லை அண்ணன்."

"பரவாயில்ல. குத்தம் என்டதானே."

மின்விசிறி சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கிரீச். அதிகாரி பேனாவை நீட்டுகிறார். ஒழுங்கு செய்தவன் அகப்பட்டால் மற்ற எட்டுப் பேரும் வீட்டுக்குப் போகலாம் என்று கதவருகே என்னிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார். எனக்கு அது தெரியும். சூசை அண்ணனுக்குத் தெரியாது.

"மாஸ்டர், ஒங்கட விளக்குக்காரன எத்தினயாம் நாள் விட்டாங்க எண்டீங்க?"

அது கதை என்று சொல்லியிருக்கலாம். முடிவை நான் மாற்றினேன் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும்.

"மூன்றாம் நாள்," என்றேன்.

அவர் கையெழுத்திட்டார். எழுத்துகளை ஒவ்வொன்றாக வரைவதுபோல். அதன் கீழே நானும் ஒப்பமிட்டேன். வாசித்துக் காட்டியது சரி என்பதற்காக.

புதன். மாலை நான்கு மணி. தாழ்ப்பாள் இழுபடும் சத்தம். எட்டுப் பெயர்கள் வாசிக்கப்பட்டன. நஸீர் நானா என் முழங்கையைப் பிடித்தார்.

"திரும்பிப் பாக்காதீங்க, மாஸ்டர். நடங்க!"

பார்த்தேன். சூசை அண்ணன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். அடுத்தது தம் பெயர் என்ற நினைப்பில்.

பின்னர் வழக்கு நடந்தது. வாக்குமூலம் பொய்யென்று மூன்று சத்தியக்கடதாசிகள் எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் அதே தாளைக் காட்டினார்கள். வாசித்துக் காட்டியது சரி. கீழே என் ஒப்பம். சூசை அண்ணனுக்கு நீண்ட தண்டனை விதிக்கப்பட்டது. நான்காம் ஆண்டில் நெஞ்சுநோவால் சிறையிலேயே இறந்தார்.

அடக்கம் முடிந்து எட்டாம் நாள் அவர் மனைவி திரேசா அக்காவிடம் போனேன். முழுவதையும் சொன்னேன். அவர் மீனுக்கு உப்பிட்டுக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"கதையில அந்த மனிசன் செத்துட்டான் எண்டு சொல்லியிருந்தா, இவர் கையெழுத்து வெச்சிருப்பாரா தம்பி?"

"வைத்திருக்க மாட்டார் அக்கா."

"அப்ப ஏன் சொல்லல்ல?"

"நான் வெளியே வர விரும்பினேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு அடுத்த மீனை எடுத்தார்.

சிறையும் மீட்சியும் பற்றிப் படம் எடுப்போருக்கும் எழுதுவோருக்கும் என் அனுபவத்தை இங்கே வைக்கிறேன். பூட்டிய அறையில் இருப்பவன் கதையைக் கதையாகக் கேட்பதில்லை. வழிகாட்டியாகக் கேட்கிறான். அதன்படி நடக்கிறான்.

இழப்பின் விவரம் வருமாறு. கடலில் இருவர். கணவனும் மனைவியும். அவர்களின் பெயர்களை இன்றுவரை எவரும் எனக்குச் சொல்லவில்லை. உடல்கள் கிடைக்கவில்லை. சிறையில் ஒருவர். சூசை, மாம்புரி, வயது நாற்பத்தாறு. வள்ளம் ஒன்று. இயந்திரம் ஒன்று. இரண்டும் திருப்பித் தரப்படவில்லை. தகப்பனை இழந்த பெண்பிள்ளைகள் மூவர்.

விடுதலையானவர்கள் எட்டுப் பேர். அவர்களில் எழுவர் குற்றமற்றவர்கள்.