மூணாவது புத்தகத்துக்கு அப்புறம்

உக்காரும்மா. அது வேணாம், ஆடும், இந்த நாற்காலில உக்காரு. ஆமா, எங்க சாரப் பத்தி எழுத வர்றவங்க எல்லாரும் இதத்தான் கேக்குறாங்க. மூணாவது புத்தகத்துக்கு அப்புறம் ஏன் ஒரு வரிகூட எழுதலன்னு. வயசாயிடுச்சுன்னு சொல்லி அனுப்பிடுவேன். நீ விடமாட்ட போலிருக்கே.

இருபத்தாறு வருஷம் அவருக்கு டைப் பண்ணேன். மனுஷங்க எப்படி வாழுறாங்கன்னு போய்ப் பாத்து எழுதுற படிப்பு அவருது. மத்த புரொபசருங்க ஒரு வாரம் தங்கிட்டு, தகவல் சொன்னவர் எண் பதினாலுன்னு எழுதிட்டு வருவாங்க. சாருக்கு அதக் கண்டாலே ஆகாது. மாட்டுக்கா நம்பர் போடுறோம், அவனுக்குன்னு ஒரு பேரு இருக்குல்லன்னு கத்துவாரு. யாரும் யாருக்கும் சாம்பிள் இல்லம்மான்னு, டைப் அடிக்கிற என்கிட்ட மெனக்கெட்டுச் சொல்லுவாரு. நான் என்னத்தக் கண்டேன்? ஆனா கேட்டுக் கேட்டு மனசுல ஊறிப்போச்சு.

அப்புறம் கல்குவாரிக்குப் போனாரு, மூணு வருஷம். கேள்வித்தாளெல்லாம் கெடையாது. அவங்களோட சேந்து கல்லு சொமந்தாரு. இடுப்பு போச்சு. சிரிக்காத, நெஜமாத்தான். அதுக்கப்புறந்தான் அவங்க வாயத் தொறந்தாங்க. வெடி வைக்கிறவரு ஒருத்தரு, ரெண்டு கொழந்தைக்கு அப்பா, எல்லாத்தையும் சொல்லிட்டாரு. வெடியில செத்தவங்கள மொதலாளி வெளிய தெரியாம அங்கயே பொதச்சது வரைக்கும்.

அதத்தான் மூணாவது புத்தகமா எழுதுனாரு. அது வந்து நாப்பதே நாள். அந்த மனுஷன் தலையில பாறை விழுந்துச்சுன்னாங்க. விழுந்துச்சாம்! சார் ஓடிப்போய் அந்த வீட்டு வாசல்ல மூணு நாள் உக்காந்திருந்தாரு. அந்த மனுஷனோட சம்சாரம் கதவே தொறக்கல. திரும்பி வந்து, தப்பு என்னோடதுதான்னு எல்லார்கிட்டயும் சொன்னாரு. பேனாவத் தொடல.

ஐயோ, அவரு அஜாக்கிரதையா இருந்தாருன்னு எழுதிடாதம்மா. அவரு கைப்பட எழுதுன தாள்ல அந்த மனுஷன் பேரக் கோடு போட்டு அடிச்சிட்டு, மேல ‘ஒரு தொழிலாளி’ன்னு போட்டிருந்தாரு. தெளிவாத்தான் இருந்துச்சு. யாரோ மிரட்டித்தான் சார் இப்படிப் பண்ணிட்டாருன்னு நெனச்சு, நாந்தான் பேரையே டைப் பண்ணி வச்சேன். புத்தகத்துல பாத்தா சந்தோஷப்படுவாருன்னு. நான் முடிச்சுக் குடுத்தா அவரு திருப்பிப் பாக்க மாட்டாரு, அவ்ளோ நம்பிக்கை.

நாந்தான் பண்ணேன்னு அவருக்குத் தெரியாமயா இருந்திருக்கும்? அங்கேருந்து வந்த மறுநாள் ஆபீஸுக்கு வந்தாரு. சாப்டாச்சாம்மான்னு கேட்டாரு. அவ்ளோதான். சாகுற வரைக்கும் வேற எதுவும் கேக்கல. ஒரு வாட்டி கேட்டிருந்தா, அழுதாவது தீத்திருப்பேன்.