ஆத்தோரத்தானுக்குப் பசி

மலாயாவில் அவசரகாலம். கோலசிலாங்கூர் பஸ்ஸுக்குப் போகிறவர்கள் ரப்பர் தோட்டத்துக் கேட்டில் வரிசையாக நின்றோம். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு யாராவது அரிசி கொண்டுபோகிறார்களா என்று தமிழ்க் கான்ஸ்டபிள் ஒருவர் ஒவ்வொரு பையாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு முன்னால் தோட்டத்து மெஷின் டிரைவரும் அவருடைய மச்சானும் நின்றார்கள். டிரைவர் சாவகாசமாகச் சொன்னார்:

"ஆத்தோரத்தானுக்குப் பசி தாங்கல மச்சான். நேத்து நான்தான் போயி கொஞ்சம் கூடக் குடுத்துட்டு வந்தேன்."

கான்ஸ்டபிள் நிமிர்ந்தார்.

"யாருய்யா அந்த ஆத்தோரத்தான்?"

"பம்புங்க ஐயா. ஆத்துல தண்ணி எறைக்கிற மெஷினு."

"மெஷினுக்கு எதுக்குய்யா பசி?"

"கார்புரேட்டர்ல காத்து கூடி எண்ணெய் கொறஞ்சா, இருமி இருமி நின்னுடும். அத நாங்க பசின்னுதான் சொல்லுவோம். எண்ணெ வர்ற ஜெட்டு ரொம்பப் பொடிசு. அதக் கழட்டிட்டு மோட்டார் சைக்கிள் ஜெட்டப் போட்டேன், ஓட்ட கொஞ்சம் பெருசு. இப்ப இருமாம ஓடுது."

மச்சானும் அவசரமாகச் சேர்ந்துகொண்டார். "மெஷினுதாங்க ஐயா. நானும் பாத்திருக்கேன்லா."

கான்ஸ்டபிள் டிரைவரின் கையை இழுத்து முகர்ந்து பார்த்தார். பெட்ரோல் வாடை அடித்திருக்க வேண்டும். சிரித்துவிட்டார்.

"சரி, போ. இனிமே பேசுறதப் பாத்துப் பேசு."

எனக்குப் பின்னால் நின்ற பெண் யாரிடம் என்றில்லாமல் சொன்னாள்:

"நேத்து, வெட்டுக்காட்டுல பால்மரம் வெட்டுற எம் புருசனுக்குப் பசிக்கும்னு இந்தப் போலீஸ்காரருகிட்டதான் சொன்னேன். கொண்டுபோன சோத்தக் கீழ கொட்டச் சொன்னாரு."