இரண்டு நாட்டு வரியும் ஓர் அறையும்

அக்கா: ...அதனால அந்தக் கேள்விக்கு ‘இல்லை’ன்னு போட்டுடறேன். அடுத்ததுக்குப் போவோமா?

தம்பி: இரு, இரு. எந்தக் கேள்விக்கு? ஆடிட்டரம்மா போன்ல இப்படி விரட்டினா எப்படி?

அக்கா: காதுல விழலயா? ‘இந்த நாட்டுல எப்ப வந்தாலும் தங்கறதுக்கு உங்களுக்குன்னு ஒரு இடம் இருக்கா?’

தம்பி: இருக்கே! அம்மா வீட்டு மாடி அறை.

அக்கா: அடேய்... வரி ஆபீஸ்ல போய் இப்படி வாய விட்டுடாத.

தம்பி: ஏன், உண்மையச் சொன்னா தூக்குல போடுவாங்களா?

அக்கா: நீ சம்பளக்காரனா இருந்தா முதலாளியே வரியப் பிடிச்சுக் கட்டிடுவான். நீ தனியா வேலை பாக்கறவன், எல்லாம் உன் தலையிலதான். அங்க உக்காந்து வீட்டு பிளான் வரையற, அதனால அந்த நாடு உன்ன ‘எங்க ஆளு’ங்குது. விலாசம், பேங்க் கணக்கு எல்லாம் இங்கயே விட்டுட்டுப் போயிட்ட, அதனால இந்த நாடும் ‘எங்க ஆளு’ங்குது.

தம்பி: எனக்கு இவ்வளவு கிராக்கியா! வீட்ல ஒருத்தரும் மதிக்கலயே.

அக்கா: சிரிக்காத. ரெண்டு பேரும் வரி கேப்பாங்க. இந்தச் சண்டையத் தீர்க்க முதல்ல பாக்கறது, உனக்குன்னு இடம் எங்க இருக்குன்னுதான். அங்க மட்டும்னா, நீ அந்த நாட்டு ஆளு. பிரச்சினை முடிஞ்சுது.

தம்பி: ரெண்டு இடத்துலயும் இருந்தா?

அக்கா: உறவு எங்க, சொத்து எங்கன்னு குடைய ஆரம்பிப்பாங்க. மனசு எங்க இருக்குன்னு கேக்காததுதான் குறை. ஊருக்கெல்லாம் வீடு வரையறவன், உன் வீடு எதுன்னு கேட்டா முழிக்கற.

தம்பி: அதில்லக்கா... ஆமா, மாமா எப்படி இருக்காரு?

அக்கா: இருக்காரு. பேச்ச மாத்தாத.

தம்பி: பொய் சொல்லச் சொல்றியே, நீயா இது? நான் டீ குடிச்சதக்கூட செலவுல எழுத விடாதவ!

அக்கா: பொய்னு யாரு சொன்னா?

தம்பி: என் கட்டில் கிடக்கு, மேஜை கிடக்கு. போன வாரம்கூட அம்மா சொன்னாங்க, அறையத் தொடச்சு தயாரா வெச்சிருக்கேன்னு.

அக்கா: அம்மாவா... அப்படியா சொன்னாங்க?

தம்பி: ஏன்?

அக்கா: ஒண்ணுமில்ல. அங்க... சாமானெல்லாம் போட்டு வெச்சிருக்கு.

தம்பி: சாமான்னா எடுத்துடலாமே.

அக்கா: எடுக்க முடியாது. சரி, அங்க உன் வீட்டு வாடகை ஒப்பந்தத்த அனுப்பு. அதுவே பெரிய ஆதாரம்.

தம்பி: ஒப்பந்தம்... இல்ல.

அக்கா: ஒப்பந்தம் இல்லாம எவன்டா உனக்கு வீடு குடுத்தான்?

தம்பி: வாடகை இல்லக்கா. வாங்கிட்டேன்.

அக்கா: வாங்கிட்டியா? எப்போ?

தம்பி: போன வருஷம். சின்னதுதான். சமையலறை ஜன்னலத் தொறந்தா ரயில் தண்டவாளம். இங்கயே இருக்கப் போறேன்னு அரசாங்கத்துக்கும் எழுதிக் குடுத்துட்டேன்.

அக்கா: அப்போ திரும்பி வரமாட்ட.

தம்பி: அம்மாகிட்ட சொல்லத் துணிச்சல் வரல.

அக்கா: என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?

தம்பி: நீ அழுவ.

அக்கா: அழல. சந்தோஷமாவும் இருக்கு, வயித்தெரிச்சலாவும் இருக்கு... ரயில் சத்தத்துல தூக்கம் வருதா?

தம்பி: பழகிடுச்சு. அக்கா... ஒண்ணு செய். ‘இருக்கு’ன்னே போட்டுடு.

அக்கா: பைத்தியமா உனக்கு? சம்பாதிச்சதெல்லாம் வரியாப் போகும்.

தம்பி: போகட்டும், கட்டறேன். அந்த அறை என்னோடது இல்லன்னு என் கையால கையெழுத்துப் போட முடியல. நான் வரப்போறதில்ல... அம்மா எனக்காக வெச்சிருக்கற அது ஒண்ணாவது அப்படியே இருக்கட்டும்.

அக்கா: முடியாதுடா.

தம்பி: என் வரி, என் அறை. உனக்கென்ன வந்தது?

அக்கா: அந்த அறையில நான் இருக்கேன்டா. நான் உங்க மாமாவ விட்டுட்டு வந்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. தெரிஞ்சா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்துடுவன்னுதான் அம்மாவும் நானும் வாயத் தொறக்கல... ‘இல்லை’ன்னு போட விடு. எனக்குப் போக வேற இடம் இல்ல.